தெருவே தள்ளிய டாக்ஸி

வண்டி இன்சூரன்ஸ் ஏஜெண்டுக்கு பிரீமியம் வாங்கப் போகும்போது காபி கிடைக்கும், வண்டிக்கு ஏதாவது ஆகிவிட்டால் வசவு கிடைக்கும். எண்பதுகளில் பெரம்பலூர், அரியலூர் பக்கம் சைக்கிள் மிதித்துப் பாலிசி பிடித்தவன் நான். என்னைப் போல ஊரார் பேச்சு வாங்கிய சக பாவிகளே, உங்களுக்குத்தான் இது புரியும்.

உதவிக்கு வந்தவர்

லப்பைக்குடிக்காட்டு காசிம் பாய் வளைகுடாவில் பல வருஷம் வெல்டிங் வேலை பார்த்தவர். இனிமேல் பெண்டாட்டி பிள்ளைகளோடுதான் இருப்பது என்று முடிவு செய்து, சேர்த்ததையெல்லாம் போட்டு ஒரு அம்பாசிடர் டாக்ஸி வாங்கினார். பெரம்பலூரில் குடியிருந்த வீட்டு வாசலில்தான் நிறுத்துவார். ஃபுல் இன்சூரன்ஸ் எடுத்துக் கொடுத்தவன் நான். வெள்ளச் சேதமும் அதில் அடக்கம்.

ஓர் ஐப்பசி மழையில் தெருச் சாக்கடை பொங்கி, நின்ற வண்டிக்குள் சீட்டு வரை தண்ணீர் ஏறிவிட்டது. தகவல் வந்ததும் ஓடினேன். சேதத்தை மதிப்பிட கம்பெனி அனுப்பும் சர்வேயர் பார்க்கும்வரை வண்டியைக் கிளப்பக் கூடாது என்பதுதான் முதல் பாடம். ஆனால் நின்றுபோன வண்டியைக் கண்டால் நம்மூரில் யாருக்குக் கை சும்மா இருக்கிறது? நான் போய்ச் சேருவதற்குள், பாய் தொழுகைக்குப் போயிருந்த நேரம் பார்த்து, எதிர்க் கடை இரும்பு வியாபாரி அவர் மனைவியிடம் சாவி வாங்கி ஸ்டியரிங்கில் உட்கார்ந்துவிட்டார். தெருவே பின்னாலிருந்து தள்ளியது. உறுமிய என்ஜின் தண்ணீரை உறிஞ்சி, உள்ளே இருந்த கனெக்டிங் ராடு வளைந்து அப்படியே நின்றது. எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. எவன் சொல்லித் தொட்டாய் என்று சட்டையைப் பிடிக்காத குறையாகக் கேட்டேன். ஈர வேட்டியைப் பிழிந்துகொண்டே சொன்னார்:

"நல்லதுக்குக் காலமில்லீங்க. ஒதவி செஞ்சா ஒதைக்க வர்றீங்க."

திருச்சி சார்

திருச்சியிலிருந்து வந்த சர்வேயர், பேன்ட் நனையாமல் வண்டியைச் சுற்றி வந்தார். சீட்டுக்கும் வயரிங்குக்கும் கம்பெனி கொடுக்கும், என்ஜினுக்குக் கிடையாது என்றார். வெள்ளம் வராமல் என்ஜினுக்குள் எப்படி சார் தண்ணீர் போகும் என்று கத்தினேன். ஏஜெண்ட் சர்வேயரிடம் கத்தக் கூடாதுதான். கத்தினேன்.

"நின்ன வண்டி நனைஞ்சா கம்பெனி குடுக்கும். கிளப்பிக் கெடுத்தா கிளப்பினவருதான் குடுக்கணும், போய்க் கேளுங்க."

சாக்கடைக்குச் சொந்தக்காரர்கள்

போய்க் கேட்டோம். நான் மட்டுமா தள்ளினேன், தெருவே தள்ளியது என்றுவிட்டார் இரும்பு வியாபாரி. அப்போதுதான் கவனித்தேன். அவர் கடைக்கு முன்னால் சாக்கடையையே காணோம். மேலே சிமெண்ட் பலகை, அதன்மேல் கம்பிக் கட்டுகள். தண்ணீர் போக வழியில்லாமல்தான் பாய் வாசலுக்கு வந்திருக்கிறது! சாக்கடை எந்த ஆபீஸின் பொறுப்போ அந்த ஆபீஸுக்குப் பாயை இழுத்துக்கொண்டு போனேன். அங்கிருந்தவர் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டார்.

"பலகை போட்டது அவரு. மழை பெஞ்சது ஆண்டவன். இதுல ஆபீஸ் எங்கங்க வருது?"

பஸ் ஸ்டாண்டில்

என்ஜினை மாற்ற பாயிடம் வழியில்லை. வண்டியை வந்த விலைக்குத் தள்ளிவிட்டார். கொஞ்ச நாள் கழித்துப் பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் பெட்டியோடு நின்றார். மறுபடியும் வளைகுடாவுக்கு. கடைசிப் பெண் அவர் சட்டையை விடாமல் பிடித்துக்கொண்டு அழுதது. எனக்குத் தாங்கவில்லை. அந்த இரும்புக்கடைக்காரனைச் சும்மா விடக் கூடாது, கேஸ் போடலாம் வாங்க என்றேன். பாய் மகளின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டார்.

"விடுங்க சார். நான் போற ஊர்ல மழையே கெடையாது."

தெருவில் நிறுத்திய வண்டி வெள்ளத்தில் கெட்டால் பணம் யார் கொடுப்பார்கள் என்று இப்போது யாராவது கேட்டால், வண்டிக்காரரின் பிள்ளைகள் கொடுப்பார்கள் என்று பாலிசியைப் பார்க்காமலே சொல்லிவிடுகிறேன்.