சுத்தமாகக் காட்டிய புண்

ஏறாவூரில் ஹப்ஸாவின் ஒழுங்கைக்குள் யாருக்குக் கையில் வெட்டுப்பட்டாலும், பிள்ளையின் முழங்கால் சிராய்த்தாலும், முதலில் தட்டுவது அவள் வீட்டுக் கதவைத்தான். ஆஸ்பத்திரியெல்லாம் அதற்குப் பிறகு. ரியாதில் பதினொரு வருடம் ஒரு கிழவியைப் பராமரித்தவள் அவள். படுக்கைப் புண்ணுக்கு மருந்து கட்டிக் கட்டியே கை பழகிவிட்டது. ஊருக்குத் திரும்பித் தையல் மெஷினில் உட்கார்ந்த பிறகும் அந்தப் பழக்கம் விடவில்லை. 'டொக்டர் ராத்தா', அதாவது டொக்டர் அக்கா, என்று பகிடிக்குத்தான் கூப்பிடத் தொடங்கினார்கள். பகிடி போய்ப் பெயர் நின்றுவிட்டது. அவளுக்குக் கைராசி என்று ஒழுங்கை முழுக்க நம்பியது. அவளும் நம்பினாள். சும்மா சொல்லக்கூடாது, அதில் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது.

அந்தக் கைராசியில் பாதி கப்சியூல். காய்ச்சல் விட்டதும் குடிக்காமல் மிஞ்சிய அன்டிபயோட்டிக் கப்சியூல்களை ஆட்கள் அவளிடம் கொண்டுவந்து கொடுப்பார்கள். அவள் அதை உடைத்துத் தூளைப் புண்ணில் தூவிக் கட்டிவிடுவாள். இங்கே அதைச் செய்யாத வீடு எது, சொல்லுங்கள்? சின்னக் காயங்கள் தாமாகவே ஆறின. புகழ் தூளுக்குப் போனது.

அவளுக்கு ஒரே தம்பி முனாப். ஓட்டோ ஓட்டுகிறவன், மூன்று பிள்ளைக்காரன், நீரிழிவு என்கிற சீனி வருத்தக்காரன். போன வருடம் இறால் வாங்க வாவிக்குள் இறங்கியபோது வலது காலின் இரண்டாம் விரலடியில் சிப்பி வெட்டியது. சீனியால் மரத்த கால். செருப்பில் இரத்தத்தைக் கண்ட பிறகுதான் அவனுக்கே தெரிந்தது. ராத்தா தூள் போட்டாள். புண் ஆறுவதுபோல் ஆறி மறுபடியும் வாய் திறந்தது. இரண்டு மாதம் இதே கதை. கடைசியில் மட்டக்களப்பில் காற்புண் பார்க்கும் டொக்டர் ஆர்த்திகாவின் கிளினிக்குக்கு அவனை அவளே கூட்டிக்கொண்டு போனாள்.

டொக்டர் ஒவ்வொரு கிழமையும் பஞ்சுக் குச்சியால் புண்ணைத் தொட்டெடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார். ஒவ்வொரு முறையும் கிருமி வளரவில்லை என்றே முடிவு வந்தது. விரலோ கறுத்துக்கொண்டே போனது. புண்ணில் ஏதாவது போடுகிறீர்களா என்று டொக்டர் மூன்று தடவை கேட்டார். மூன்று தடவையும் முனாப் இல்லை என்றான். பக்கத்தில் நின்ற ஹப்ஸா தரையைப் பார்த்தாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கதைதான்.

ஏனென்றால், கிளினிக் நாளென்றால் விடியற்காலைச் சுபஹுத் தொழுகை முடிந்த கையோடு அவள் தம்பியின் காலைச் சுடுநீரில் கழுவி, தூள் போட்டு ஊறவிட்டு, புறப்படுமுன் அடையாளம் தெரியாமல் துடைத்துப் புதுத் துணி கட்டிவிடுவாள். டொக்டருக்கு முன்னால் நாறுகிற காலை நீட்டுவது மரியாதையா? வீட்டுக்கு ஆள் வருகிறதென்றால் முற்றத்தைக் கூட்டுவதில்லையா? அவ்வளவுதான் அவளுடைய நினைப்பு.

ஐந்தாம் கிழமை டொக்டர் பாதத்தையே எடுக்க வேண்டிவரலாம் என்றார். கிருமி இல்லாதபடியால் இரத்த ஓட்டம்தான் போதவில்லை போலிருக்கிறது, வியாழக்கிழமை முடிவெடுப்போம் என்றார். பிரேக் மிதிக்கிற கால். கிருமி இல்லாமல் எப்படி அழுகும் என்று ஹப்ஸாதான் கேட்டாள்.

"எனக்கும் அதுதான் விளங்கல்லம்மா" என்றார் டொக்டர். "இருந்தா ஒளிஞ்சுதான் இருக்கோணும். தண்ணித் தாங்கியில பாசி பிடிக்கிற மாதிரி கூட்டமா ஒட்டிக்கொண்டு, மேல ஒரு வழுவழுப்பை மூடிக்கொண்டு கிடக்கும். மருந்து போட்டா மேலாப்பில நிக்கிறதுதான் சாகும். உள்ள கிடக்கிறது மருந்துக்குப் பழகிடும். ஆனா நீங்கதான் ஒண்டும் போடல்ல எண்டு சொல்றீங்களே."

ஹப்ஸா வாசலைத் திரும்பிப் பார்த்தாள். அறைக்குக் கதவில்லை, திரைச்சீலைதான். அதற்கு அந்தப் பக்கம் வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்தவள் அவளுடைய பக்கத்து வீட்டு நஸ்ஹா. நஸ்ஹாவின் காதில் விழுந்தால் பின்னேரத்துக்குள் ஒழுங்கை முழுக்கத் தெரிந்துவிடும். ஹப்ஸா ஒரு நிமிடம் யோசித்தாள். அந்த ஒரு நிமிடத்துக்காக இன்றைக்கும் வெட்கப்படுகிறாள்.

"நான்தான் போட்டன், டொக்டர். ஒவ்வொரு கிளினிக்குக்கும், காலையில."

டொக்டருக்குக் கோபம் வந்தது, வராமல் இருக்குமா. ஐந்து கிழமையாகத் தான் பரிசோதித்தது புண்ணையல்ல, அவளுடைய தூளைத்தான் என்றார். பிறகு வேலையைத் தொடங்கினார். நாலு நாள் தூளே இல்லாமல் விட்டு, பஞ்சுக் குச்சியை வைத்துவிட்டு, ஆழத்திலிருந்து சதைத் துணுக்கொன்றை எடுத்து அனுப்பினார். இந்த முறை கிருமி வளர்ந்தது. பட்டியலிலிருந்த மருந்துகளில் இரண்டுக்கு மட்டுந்தான் அது பயந்தது. பெரிய மருந்தாகத் தேடி ஓடுவது பழைய வழி, முதலில் அதன் குடியிருப்பை உடைக்க வேண்டும் என்று டொக்டர் விளங்கப்படுத்தினார். கிழமைக்கு இரண்டு தரம் அந்த வழுவழுப்பைச் சுரண்டியெடுத்து, அது மறுபடி கூடு கட்டுமுன் மருந்துத் துணி வைத்து, ஊசியும் போட்டார்கள். கிருமியைத் தின்னும் வைரஸைக் சாக்கடைக் கான் தண்ணீரில் தேடிப் பிடித்து வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தில் சோதித்துப் பார்க்கிறார்களாம். மனிசருக்குக் கொடுக்க இன்னும் காலமிருக்கிறது என்றார். தன் காலை முதல் ஆளாகத் தருகிறேன் என்று முனாப் பகிடி விட்டான். அன்றைக்குத்தான் டொக்டர் சிரித்தார்.

விரல் போனது. பாதம் நின்றது.

நஸ்ஹா தன் வேலையைக் குறைவில்லாமல் செய்திருந்தாள். டொக்டர் ராத்தா தம்பியின் காலையே எடுக்கப் பார்த்தாளாம் என்று கடைவரைக்கும் கதை போனது. இரண்டு மாதம் ஹப்ஸாவின் கதவை யாரும் தட்டவில்லை. அவளுக்கு நெஞ்சு வலித்தது; வலிக்கவில்லை என்று அவள் நடிக்கவும் இல்லை.

ஒருநாள் பகல், கட்டு மாற்றும்போது தம்பியிடம் கேட்டாள். டொக்டர் அத்தனை தரம் கேட்டும் ஏன் இல்லை என்று சொன்னாய் என்று.

"கால் போனா ஒரு தடியை ஊண்டியாவது நடப்பன், ராத்தா. உங்கட பேர் போனா இந்த ஒழுங்கையில நீங்க எப்படி நடப்பீங்க?"

"மடையா" என்றாள் ஹப்ஸா. "பேரைத் திரும்பத் தேடலாம்டா. காலை எங்க போய்த் தேடுற?"

சொல்லிவிட்டு அந்த நாலு விரல் பாதத்தைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, பக்கத்து வீட்டுக்குக் கேட்கும் என்றும் பாராமல் அழுதாள்.