ஆற்றுப் பாறையில் சிக்கிய கால்

மலேசியாவின் புக்கிட் செந்தோசாவில் வசிக்கும் நான், ராசா என்ற சிற்றூருக்கு அப்பால் ஆற்றோரக் காட்டில் தனியாகக் கூடாரம் அடித்திருந்தேன். காலையில் தண்ணீர் எடுக்க இறங்கியபோது வழுக்கி, சப்பாத்து அணிந்த கால் இரு பாறைகளுக்கிடையே சிக்கிக்கொண்டது. மலையில் மழை போலும். ஆறு கலங்கி விறுவிறுவென ஏறியது. இழுக்க இழுக்க வலிதான் கூடியது.

"யாராவது காப்பாத்துங்க!" என்று கத்தினேன். இரைச்சலில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. தண்ணீர் மார்பைத் தொட்டதும் அம்மாவை நினைத்து அழுதேன்.

அப்போது மீன் பிடிக்க வந்த ஒருவர் என்னைப் பார்த்துவிட்டார். "பாறைய புடிச்சிக்கம்மா, விட்டுறாத லா!" என்று பாய்ந்து வந்து, நீருக்குள் மூழ்கி என் சப்பாத்துக் கயிற்றைக் கத்தியால் அறுத்தார். சப்பாத்தை விட்டுக் கால் உருவிக்கொண்டு வந்தது.

"நான் இந்தப் பக்கம் வராம இருந்தா?" என்றார்.

இப்போதும் காட்டுக்குப் போகிறேன், தங்கையோடு. மேட்டில்தான் கூடாரம்; இருவர் கழுத்திலும் விசில்.