இல்லாத தம்பி

களம்பூர் சாலையில் மூடிக்கிடந்த அரிசி மில்லுக்குப் பின்னால் ஒரு வீட்டை வாடகைக்குப் பிடித்துத் தாயார் என்கிற சாமியாரம்மா வந்து இறங்கியபோது, எனக்குப் பன்னிரண்டு வயது, அக்காவுக்குப் பதினாறு. தாயாரைச் சுற்றி எப்போதும் ஏழெட்டு வெள்ளைச் சேலைப் பெண்கள் இருப்பார்கள். முதல் தடவை வருகிறவர்களுக்கே மனத்தில் உள்ளதைத் தாயார் சொல்லிவிடுகிறார் என்று ஆரணி முழுக்கப் பேச்சு.

வெள்ளிக்கிழமை பூசையை வேடிக்கை பார்க்கப் போன அக்கா, இரண்டே மாதத்தில் தானும் வெள்ளைச் சேலைக்கு மாறினாள். பூச்சியைக் கொன்று எடுக்கும் பட்டு பாவம் என்று தாயார் சொன்னாராம். எங்கள் தறியில் அப்போது ஓடிக்கொண்டிருந்ததோ அவளுடைய கல்யாணப் புடவை. சேத்துப்பட்டு மாமாவுக்கு அவளைக் கொடுப்பதென்று பேசி முடித்து, பள்ளிக்கூடத்திலிருந்தும் நிறுத்தியிருந்தார்கள். அக்கா மௌன விரதம் என்று வாயை மூடிக்கொண்டாள். அப்பா கை நீட்டிய மறுநாள் தாயார் வீட்டிலேயே போய்த் தங்கிவிட்டாள்.

பௌர்ணமிக்கு அவளைச் சந்தவாசல் பக்கம் மலையடிவாரத்து ஆசிரமத்துக்குக் கொண்டுபோகப் போவதாகக் கேள்விப்பட்டதும் எப்படியாவது அவளை மீட்டுவிடுவதென்று முடிவு செய்தேன். அங்கே போன பெண் ஒருத்திகூடத் திரும்பி வந்ததாக யாரும் சொல்லவில்லை.

அந்த வீட்டில் எனக்கு எல்லார்மேலும் சந்தேகம். அதிலும் பின்கட்டில் காய் நறுக்குகிற அம்மாள்மேல் அதிகம். புதிதாக வருகிறவர்களைப் பக்கத்தில் உட்காரவைத்து அவள்தான் வீட்டுக் கதையெல்லாம் கேட்பாள். ஒரு வெள்ளிக்கிழமை, எந்த வீட்டுப் பிள்ளை என்று காட்டிக்கொள்ளாமல் நானும் போய் உட்கார்ந்தேன்.

"வூட்ல யாராரு கீறீங்க?" என்றாள்.

"தம்பி ஒருத்தன் இருந்தான்மா. போன வருஷம் கெணத்துல வுழுந்துட்டான்" என்று கண்ணைக் கசக்கினேன். எங்களுக்குத் தம்பியே கிடையாது.

பூசை நடுவில் தாயார் என்னைக் கூப்பிட்டுக் கண்ணை மூடினார். "தண்ணியில போன உன் தம்பி என்கிட்ட பேசிகினு கீறான்" என்றார்.

நான் எதிர்பார்த்தது அதைத்தான். விசிறியோடு பக்கத்தில் நின்ற அக்காவைக் காட்டி, "இவங்க எங்க அக்கா. எங்களுக்குத் தம்பி உண்டான்னு கேளுங்க" என்றேன். தாயார் கண்ணைத் திறந்தார்.

அக்கா என்னைப் பார்த்தாள். பிறகு விரதத்தை விட்டுப் பேசினாள்: "ஆமா தாயே, எங்க தம்பிதான்." பேசியதோடு விழுந்து அழவும் செய்தாள்.

அக்காவுக்கு மந்திரம் போட்டுவிட்டார்கள் என்று பயந்து வீட்டுக்கு ஓடினேன். மாமா வந்திருந்ததைக் கவனிக்காமல் எல்லாவற்றையும் உளறிக் கொட்டினேன். மாமா காபியைக் கீழே வைத்தார்.

"புத்தி பேதலிச்ச பொண்ணைக் கட்டிகினு நான் இன்னா பண்றது?" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு பஸ்ஸுக்குக் கிளம்பினார். மாமா வேண்டாமென்றது மறுநாளே ஊருக்கெல்லாம் தெரிந்துவிட்டது.

அன்று மத்தியானம் அக்கா வந்து நின்றாள். வாசலைப் பூட்டியிருந்தார்களாம், பின்சுவர் ஏறிக் குதித்ததில் முழங்கை சிராய்ந்து ரத்தம் வந்துகொண்டிருந்தது. அழுதுகொண்டே ஓடிவந்த அம்மாவைத் தாண்டி, என்னிடம் மெதுவாகக் கேட்டாள்.

"மாமா வேணாம்னு சொல்லிட்டாராமே, நெஜமா?"

தலையாட்டினேன். ஒரு சொம்புத் தண்ணீரை நின்றபடியே குடித்துவிட்டு, பள்ளிக்கூடப் பையைத் தேடப் போனாள்.

என் தந்திரம்தான் அக்காவை மீட்டது என்று தெருவெல்லாம் சொல்லித் திரிந்தேன். அவளும் மறுக்கவில்லை. அந்த வீட்டில் ஒருவர் விடாமல் சந்தேகப்பட்ட எனக்கு, அக்காவைச் சந்தேகப்பட அப்போது தோன்றவில்லை.