ஜீப் வந்தால் இறங்குபவன்

பின்னாலிருந்து ஹாரன் அலறுகிறது. சுருளிவேல் சைக்கிளைவிட்டு இறங்கவில்லை, பல்லைக் கடித்துக்கொண்டு மிதிக்கிறான். மாட்டுப்பட்டிக்குச் சுற்றுலாக்காரர்களை ஏற்றிச் செல்லும் ஜோமோன்தான் ஜீப்பை ஓட்டி வருகிறான். இன்னும் நெருங்கி வந்து அழுத்துகிறான். இதுவும் பயிற்சிதான். மூன்று மாதமாக, தேயிலை ஃபேக்டரியில் ஷிஃப்ட் முடிந்த கையோடு நடக்கிறது.

மலையேற அவனுக்குப் பயிற்சி வேண்டியதில்லை. பாலில்லாத ஒரு கட்டஞ்சாயாவும் நாலு வாழைப்பழமும் இருந்தால் அறுபது கிலோமீட்டர் போய்வருவான். சைக்கிள் பந்தயத்துக்கு வரும் வெளியூர் வீரர்கள் பாக்கெட் பாக்கெட்டாக எதையோ உறிஞ்சுவதைப் பார்த்தால், “சீக்காளிக்குக் குடுக்கிறதக் குடிச்சிட்டு வாராங்க” என்பான்.

தொல்லை வேறு இடத்தில். எஸ்டேட் பாதையில் துரை, அதாவது மேனேஜர், ஜீப்பில் வந்தால் சைக்கிளைவிட்டு இறங்கி, மடித்துக் கட்டிய கைலியை அவிழ்த்துவிட்டு ஓரமாக நிற்க வேண்டும். எந்தச் சட்டத்திலும் எழுதியிருக்கவில்லை. அப்பா நின்றார், இவனும் நின்றான். போன வருஷம் நூற்றிருபது கிலோமீட்டர் மலைப் பந்தயத்தில் மூன்றாவதாக வந்துகொண்டிருந்தான். முடிய இரண்டே கிலோமீட்டர். பரிசு கொடுக்கப் போன துரையின் ஜீப்பைக் கண்டதும் இறங்கி நின்றுவிட்டான். பாழாய்ப்போன மரியாதை! பெங்களூர்க்காரர்கள் இரண்டு பேர் தாண்டிப் போனார்கள். முதல் மூன்று பேருக்குக் கொச்சியில் ஒரு கிளப்பில் சம்பளத்தோடு இடம். கிடைத்திருந்தால் எஸ்டேட் கொடுத்த லயத்து ஒற்றை அறையைக் காலி செய்துவிட்டுக் குடும்பத்தோடு மலையைவிட்டு இறங்கியிருப்பான்.

மனைவி கோமதி கொழுந்து கிள்ளுகிறவள். அன்று அழவுமில்லை, திட்டவுமில்லை. “ஒங்களுக்குப் பயம் இல்ல. ஒங்க காலுக்குத்தான் இருக்கு” என்றாள். சுருக்கென்று தைத்தது. ஜோமோனிடம் போய் ஹாரன் அடிக்கச் சொன்னது அதனால்தான்.

இன்று வெள்ளி. ஞாயிற்றுக்கிழமை பந்தயம். முப்பது தாண்டினால் கிளப்பில் எடுக்கமாட்டார்கள். அவனுக்கு ஆவணியில் முப்பது முடிகிறது. ஜோமோன் ஏழு முறை ஹாரன் அடித்தும் அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. முகத்தில் லேசாகச் சிரிப்புகூட வந்திருந்தது.

அப்போது வளைவுக்கு அந்தப் பக்கமிருந்து துரையின் ஜீப் ஏறி வந்தது. ஹாரனே இல்லை. என்ஜின் சத்தம் போதுமாயிருந்தது. என்ன ஏதென்று நினைப்பதற்குள் சுருளிவேல் ஓரத்தில் நின்றுகொண்டிருந்தான். வண்டிக்குள் துரை இல்லை. டிரைவர் மட்டும் போனில் பேசியபடி, இவனைப் பாராமலே தாண்டிப் போனான்.

ஜோமோன் ஜீப்பை நிறுத்திவிட்டு வேறெங்கோ பார்த்தான். சுருளிவேலின் வலது கை இடுப்பில், ரேஸ் டவுசரின் மேல், அவிழ்த்துவிடக் கைலி மடிப்பைத் தேடிக்கொண்டிருந்தது.