அணையாத டிரேஸ்

மலர்கொடி வேலை பார்க்கும் அறைக்கு ஜன்னல் கிடையாது. நெய்வேலி சுரங்கத்துக்கு ஷிப்ட் பஸ் விடும் ஒரு ஒப்பந்தக்காரரின் அலுவலகம் அது. எந்த பஸ் எங்கெங்கே நிற்க வேண்டும் என்று வாராவாரம் பட்டியல் போடுவது ஷெல் ஸ்கிரிப்ட் எனும் ஒரு பழைய கணினி நிரல். அதை எழுதியவர் வேலையை விட்டுப் போய் வருஷங்கள் ஆகிவிட்டன. இப்போது அதைப் பார்த்துக்கொள்வது மலர்கொடி.

வடக்குத்து ஆட்களை ஏற்றிப் போன வேன் நின்றுபோனதால், அந்த ஊரையும் பஸ் நிறுத்தமாகச் சேர்க்கச் சொன்னார்கள். நிறுத்தங்களின் கோப்பில் கடைசி வரியாக அவள்தான் சேர்த்தாள். ஆனாலும் பட்டியலில் ஊர் வரவில்லை. பட்டியலில் இல்லாத இடத்தில் டிரைவர் நிறுத்தமாட்டார்.

அவளுக்கும் அதே ஊர்தான். அப்பா பழனிவேலுக்குச் சுரங்கத்தில் காண்ட்ராக்ட் வேலை. முட்டி வலியோடு நடந்து போய் தினமும் தாமதம். இன்னொரு முறை தாமதமானால் வேறு ஆளைப் போட்டுக்கொள்வதாக சூப்பர்வைசர் சொல்லிவிட்டார்.

"உம் பொண்ணு அங்க என்னத்த தட்டிக்கினு இருக்குதுன்னு ஊரே கேக்குது" என்றார் அப்பா காலையில்.

"பாத்துக்கினுதாம்பா இருக்கறேன்."

அலுவலகத்தில் ஸ்கிரிப்ட் முழுவதற்கும் டிரேஸ் போட்டாள். டிரேஸ் போட்டால், ஓடும் ஒவ்வொரு வரியும் முன்னால் ஒரு கூட்டல் குறியோடு திரையில் வரும். வந்து குவிந்ததில் எதுவும் பிடிபடவில்லை.

மேனேஜர் ஜெயகணேஷ் எட்டிப் பார்த்தார். "என்னம்மா, ஒரே கூட்டலா இருக்கு? கணக்குப் பரீட்சையா?"

"டிரேஸ் சார்."

"லிஸ்ட் சாயங்காலத்துக்குள்ள போவணும்."

ஸ்கிரிப்டில் ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் சீட் ஒதுக்கும் பகுதியான ஃபங்ஷனை மட்டும் பார்ப்போம் என்று, அதன் முதல் வரியில் டிரேஸைப் போட்டு, கடைசி வரியில் அணைத்தாள். டவுன்ஷிப்பின் ஒவ்வொரு பிளாக்குக்கும் டிரேஸ் வந்தது, அணைந்தது. வடக்குத்துக்கு வந்தது, அணையவில்லை. ஃபங்ஷனைத் தாண்டி, பட்டியல் அச்சாகும் வரை கூட்டல் குறிகள் ஓடின. தான்தான் தப்பாக எழுதிவிட்டோம் என்று திருத்திப் பார்த்தாள். மறுபடியும் அதேதான்.

அணைக்கும் வரி இருக்கிறது. அணையவில்லை என்றால் அந்த வரிக்கே போய்ச் சேரவில்லை. ஃபங்ஷன் வேலையை முடிக்காமல் பாதியிலேயே திரும்பிவிடுகிறது.

திரையை மேலே நகர்த்திப் பார்த்தாள். வடக்குத்துக்கு மூன்றே வரிகள். பிளாக் எண்ணைத் தேடியது. கிடைக்கவில்லை. திரும்பிவிட்டது.

டவுன்ஷிப்பில் எல்லா முகவரிக்கும் பிளாக் எண் உண்டு. ஊருக்கு ஏது? வெளியிலிருந்தும் ஆள் ஏறுவார்கள் என்று எழுதியவருக்குத் தோன்றவில்லை.

எண் இல்லாவிட்டால் ஊர்ப் பெயரையே எடுத்துக்கொள்ளும்படி மாற்றி, டிரேஸ் வரிகளை நீக்கி ஓட்டினாள். பட்டியலின் அடியில் வடக்குத்து வந்தது.

"புரோகிராம்ல கை வச்சிட்டியா? நாளைக்கு எதாவது ஆச்சுன்னா நீதாம்மா பதில் சொல்லணும்" என்றார் ஜெயகணேஷ்.

"சரிங்க சார்."

திங்கட்கிழமை விடிகாலை வடக்குத்தில் பஸ் நின்றது. மலர்கொடியும் அப்பாவோடு வந்திருந்தாள். அப்பா கம்பியைப் பிடித்து ஒரு காலை மேலே வைத்தார்.

"சீக்கிரம் ஏறு பெருசு, நேரமாவுது" என்றார் டிரைவர்.

"நிறுத்தனதே இன்னிக்கிதான். ஏறவாவது வுடுப்பா."

பஸ் போனது. மலர்கொடி வீட்டுக்குத் திரும்பி, அலுவலக நேரம் வரும்வரை சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள்.