கடைசியில்தான் இறுக்க வேண்டும்

மூன்று வருடங்களுக்கு முன், ஒரு சித்திரை மாதத்து வெள்ளிக்கிழமை பிற்பகல், திருகோணமலைத் துறைமுகத்தின் உட்கடல் ஓரமாகப் போகும் வீதியில் இது நடந்தது. நேரம்கூட நினைவிருக்கிறது, இரண்டே முக்கால். அந்த நேரத்தை நானே என் கைப்பட ஒரு கொப்பியில் எழுதியிருந்தேன். வந்த வினையெல்லாம் அந்த எழுத்தால்தான் வந்தது.

முதலில் என் கிறுக்கைச் சொல்லிவிடுகிறேன். நான் ஒரு பார்மசியில் மருந்து எடுத்துக் கொடுப்பவள். வீடு அன்புவழிபுரம். அப்போது வயது நாற்பத்தாறு. அந்த வயதிலும் இரும்பு விளையாட்டுச் சாமான்களைப் பூட்டிக் கழற்றி விளையாடுவதில் எனக்கு அப்படியொரு பைத்தியம். துளை துளையாக இருக்கும் பட்டைகள், பித்தளைப் பற்சில்லுகள், கப்பிகள், சின்னஞ்சிறு ஆணிகள், நட்டுகள். ஊரைவிட்டுப் போன ஒரு குடும்பம் வீட்டுச் சாமான்களை விற்றபோது, தங்கச்சியின் மகளுக்கென்றுதான் அந்தப் பெட்டியை வாங்கினேன். அவள் திறந்து பார்த்துவிட்டு, "பெரியம்மா, இதுக்கு சார்ஜர் எங்க?" என்று கேட்டாள். துருவைத் துடைத்துத் தருகிறேன் என்று சொல்லி அன்றைக்கே பெட்டியை வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். இன்னும் துடைத்து முடியவில்லை.

ஆணிகளை, மாத்திரை தீர்ந்த வெறும் குளிசைப் போத்தல்களில் அளவு வாரியாகப் போட்டு வைத்திருக்கிறேன். காலையிலிருந்து சனத்தின் இருமலையும் சீனி வருத்தத்தையும் கேட்டு வந்தபின், மேசையில் உட்கார்ந்து ஒரு பட்டையின் துளையை இன்னொன்றின் துளைமேல் வைத்து, அதற்குள்ளால் வெளிச்சம் தெரியும்வரை மெல்ல நகர்த்துவேன். ஆணி உள்ளே இறங்கும். நட்டு முதல் புரியைப் பிடிக்கும்போது விரல் நுனியில் ஒரு சின்ன அசைவு தெரியும். அவ்வளவுதான், பிறகு நான் இந்த உலகத்தில் இல்லை. அடுப்பில் பருப்பு அடிப்பிடித்தாலும் தெரியாது. என் கணவர் வாசலில் நின்று, "உம்மட ஃபக்டரி எப்ப மூடும்? மனுசருக்குப் பசிக்குது" என்று கேட்கும்போதுதான் இருட்டிவிட்டதே தெரியும்.

இந்த வேலையில் ஒரு விதி உண்டு. எந்த ஆணியையும் முதலில் இறுக்கக் கூடாது. எல்லாவற்றையும் விரலால் திருகிய அளவில் விட்டுவிட்டு, முழுவதையும் பூட்டி, நேராக நிற்கிறதா என்று பார்த்து, கடைசியில்தான் இறுக்க வேண்டும். அவசரப்பட்டு ஒன்றை இறுக்கினால் அடுத்த துளை பொருந்தாது. இதை நான் நாலு தடவை கட்டிப் பிரித்துத்தான் கற்றுக்கொண்டேன்.

அந்த வருடம் நான் கட்டிக்கொண்டிருந்தது ஒரு கிரேன். துறைமுகத்து இறங்குதுறையில் நிற்கும் பழைய கிரேன்தான் அதற்கு மாதிரி. வேலை முடிந்து பஸ்ஸில் வரும்போது என் தரிப்புக்கு முந்திய தரிப்பிலேயே இறங்கி, கடலோர வாகை மரத்தின் கீழ் உட்கார்ந்து அதைப் பார்ப்பேன். பார்சல் சோற்றையும் அங்கேயே சாப்பிடுவேன். எங்கள் ஊர் வீதிகளில் மாடுபோலத் திரியும் மான்களில் ஒன்று வந்து பக்கத்தில் நின்று, சோறு கட்டிய தாளைக் கொடுக்கும்வரை போகாது. வெயிலில் தண்ணீர் அசையாமல் கிடக்கும். தூரத்தில் இருப்பதால் கிரேனின் சத்தம் எதுவும் வராது. அதன் நீண்ட கை மட்டும் மெதுவாக மேலே எழும்பும். கொக்கியில் தொங்கும் மூட்டைக்கட்டு கப்பலைவிட்டுக் கரைக்கு வரும். பார்த்துக்கொண்டே இருந்தால், கிரேன் சும்மா நிற்கிறது, கடலும் கப்பலும் மலையும்தான் நகர்கின்றன என்று தோன்றும். சில நாள் கண்ணைத் திறந்துகொண்டே தூங்கியிருக்கிறேன்.

ஆனால் ஒரு விஷயம் என் தலையைத் தின்றது. அந்தக் கிரேனின் கை மேலே எழும்பினாலும் மூட்டை மேலே போகாது. தட்டில் தேத்தண்ணீர் கொண்டு வருவதுபோல ஒரே மட்டத்தில் வரும். என்னுடைய கிரேனில் கையைத் தூக்கினால் கொக்கியும் கூடவே எழும்பிவிடும். எட்டு மாதமாக எத்தனையோ விதமாகக் கட்டிப் பார்த்துவிட்டேன். எங்கேயோ கயிற்றில்தான் சூட்சுமம் இருக்கிறது என்று மட்டும் விளங்கியது. என் கண்ணுக்கு அந்தத் தூரத்தில் கயிறு தெரியவில்லை.

ஆகவே அந்த வெள்ளிக்கிழமை, புத்தி கெட்டுப்போய், மரத்தடியை விட்டு எழுந்து இறங்குதுறையின் வேலி ஓரமாகவே போய்விட்டேன். காலடியால் தூரத்தை அளந்தேன். கால்கள் நாலு, சில்லுகள் பதினாறு, குறுக்குப் பட்டைகள் பதினொன்று என்று எழுதினேன். கை ஒரு தடவை எழும்ப எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று மணிக்கூட்டைப் பார்த்து எழுதினேன். கிரேன் ஓட்டுபவர் மாறிய நேரத்தையும் எழுதினேன். ஆள் மாறினால் வேகமும் மாறுகிறதா என்று பார்க்கத்தான். "2.45, ஆள் மாற்றம்" என்று எழுதி முடிக்கும்போது கொப்பியின்மேல் ஒரு நிழல் விழுந்தது.

காவலுக்கு நிற்பவர். என் வயதுதான் இருக்கும். கொப்பியை மெல்ல என் கையிலிருந்து எடுத்தார். படங்கள், அளவுகள், நேரங்கள். அவர் முகம் மாறுவதைப் பார்த்தபோதுதான், அந்தக் கொப்பியை என்னைத் தவிர வேறொருவர் வாசித்தால் எப்படி இருக்கும் என்று முதல்தடவையாக எனக்கு உறைத்தது.

"மிஸ், கொஞ்சம் உள்ளுக்கு வாங்க."

கோபமில்லாமல்தான் சொன்னார். ஆனால் எங்கள் ஊரில் என் வயதுத் தமிழருக்கு 'உள்ளுக்கு' என்ற அந்தச் சொல் ஒன்றே போதும். யுத்த காலத்தில் உள்ளே போய்த் திரும்பாதவர்களின் கதைகளோடு வளர்ந்தவர்கள் நாங்கள். காலம் மாறிவிட்டது என்று புத்தி சொன்னது. இருந்தாலும் ஒரு நிமிடம் வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டுத்தான் பின்னால் போனேன்.

காவலறை சின்னது. ஒரு மேசை, இரண்டு கதிரைகள், கதவுக்கு நேரே கிரேன். மேலதிகாரியான பெரியவர் நாலு மணிக்கு வருவார், அவர் பார்த்துத்தான் பொலிசுக்கு அறிவிப்பதா என்று சொல்வார் என்று எனக்கு விளங்கப்படுத்தினார். கைப்பேசியையும் மேசையில் வைக்கச் சொன்னார். நான் மனதுக்குள் அந்தோனியாரைக் கூப்பிட்டேன். தொலைந்த பொருளைக் கண்டுபிடித்துத் தருபவர் அவர். பறிபோன கொப்பிக்கும் அவர்தான் பொறுப்பா என்று தெரியவில்லை. இருந்தாலும் கூப்பிட்டேன்.

காவலருக்குத் தமிழ் கொஞ்சம். எனக்குச் சிங்களம் அதைவிடக் கொஞ்சம். பார்மசியில் பழகிய சிங்களம்தான். சாப்பாட்டுக்கு முன், சாப்பாட்டுக்குப் பின், ஒரு நாளைக்கு மூன்று தடவை. இதை வைத்துக்கொண்டு, விளையாட்டுக் கிரேன் கட்டத்தான் இதெல்லாம் எழுதினேன் என்று எப்படிச் சொல்வது? தமிழில் சொன்னாலே எங்கள் சொந்தக்காரர் நம்ப மாட்டார்கள்.

"இது யாருக்கு?" என்று கேட்டார்.

"எனக்குத்தான்."

"என்னத்துக்கு?"

"சும்மா. சந்தோசத்துக்கு."

அவர் என்னைப் பார்த்த பார்வையில், உண்மை சில நேரம் எவ்வளவு மோசமான பொய்யாகக் கேட்கும் என்று தெரிந்தது. கைப்பையைத் திறக்கச் சொன்னார். திறந்தேன். குளிசைப் போத்தல் ஒன்று உருண்டு விழுந்து கலகலத்தது. கூடவே துளைபோட்ட பட்டைகள், கப்பிகள், பார்மசிச் சணல் நூல். கிரேனின் உச்சியோடு ஒப்பிட்டுப் பார்க்கவென்று அன்றைக்குக் கொண்டு போயிருந்தேன். குண்டோ என்று அவர் ஓரடி பின்வாங்கினார். சரி, முடிந்தது கதை என்று நினைத்தேன்.

வேறு வழி தெரியாமல் நான் கட்டத் தொடங்கினேன். நாலு பட்டையை நிறுத்தி, குறுக்கே இரண்டைப் பூட்டினேன். அவர் தடுக்கவில்லை. மூன்றாவது ஆணி கைநழுவி மேசைக்குக் கீழே ஓடியது. நான் குனியுமுன் அவர் குனிந்தார். உள்ளங்கையில் வைத்து அதை நீட்டியபோது, ஆணியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், என்னையல்ல. பிறகு கதிரையை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தார்.

கொஞ்ச நேரத்தில் அறை, வெயில், நாலு மணிக்கு வரப்போகிற பெரியவர் எல்லாம் எங்கேயோ தள்ளிப் போய்விட்டன. பட்டை, துளை, ஆணி. அவர் ஒரு நட்டை எடுத்துப் பூட்டினார். நான் இன்னொன்றைப் பூட்டினேன். திடீரென்று பார்த்தால், நட்டு இறுக்கும் என்னுடைய குட்டிச் சாவியை எடுத்து அவர் ஒரு ஆணியை முறுக்கிக்கொண்டிருக்கிறார்!

"ஐயோ, இறுக்காதேங்கோ! இப்ப இறுக்கினா மற்றது பூட்ட ஏலாது. எல்லாம் முடிய, கடைசியிலதான் இறுக்கிறது!"

சத்தம் போட்ட பிறகுதான் நான் யார், அவர் யார் என்பது ஞாபகம் வந்தது. வாயைப் பொத்திக்கொண்டேன். அவர் சாவியை மேசையில் வைத்துவிட்டு, குட்டு வாங்கிய பிள்ளைபோல அந்த ஆணியைத் தளர்த்தினார். பிறகு சிரித்தார். நானும் சிரித்தேன். கண்ணில் தண்ணீர் வந்தது. அது சிரிப்பால் வந்ததா, பயம் இறங்கியதால் வந்ததா என்று எனக்கு இன்றும் தெரியாது.

ஒரு சாண் உயரத்தில் கிரேன் நின்றது. நூலைக் கட்டி, கையைத் தூக்கிக் காட்டினேன். கொக்கியும் கூடவே எழும்பியது. வெளியே நிற்கும் கிரேனைக் காட்டி, "அங்க அப்பிடி இல்லை" என்று உள்ளங்கையை மட்டமாக நகர்த்திக் காட்டினேன். அவருக்கு உடனே விளங்கிவிட்டது. எழுந்து கதவடிக்குப் போய் நின்று, விரலைக் கிரேனின் உச்சிக்கு நீட்டி, "துன் பாரக்" என்றார்.

மூன்று தடவை. ஒரு நாளைக்கு எத்தனை பேருக்கு நான் சொல்லும் சொல் அது!

மேசையில் இருந்த சிவப்புப் பேனையை எடுத்து, என் படத்தின்மேல் கோடு கீறினார். கயிறு கோபுர உச்சிக்குப் போய், அங்கிருந்து கையின் நுனிக்கு ஒருமுறை, திரும்பி உச்சிக்கு ஒருமுறை, மறுபடி நுனிக்கு ஒருமுறை. அதன் பிறகுதான் கீழே கொக்கிக்கு. கை எழும்பும்போது இந்த மூன்று இழையும் ஒருமித்துக் குறுகும். மிஞ்சுகிற கயிறு கொக்கியை இறக்கிவிடும். அதனால்தான் மூட்டை மட்டமாகவே போகிறது. எட்டு மாதம் நான் தலையை உடைத்ததை அவர் ஒரு கோட்டில் முடித்துவிட்டார். எப்படித் தெரியும் என்று சைகையில் கேட்டேன். ஒரு கதிரையைக் காட்டினார், கதவைக் காட்டினார், "பதினோரு வருசம்" என்றார். அந்தக் கதவால் பார்ப்பதற்கு வேறு ஒன்றும் இல்லை.

நூலை மூன்று தடவை கோத்து முடிக்கும்போதே பெரியவர் வந்துவிட்டார். இரண்டு பேரும் திருட்டு மாங்காய் தின்றவர்கள்போல எழுந்து நின்றோம். பெரியவர் கொப்பியைப் புரட்டினார். நேரம் எழுதிய பக்கத்தில் நின்றார். காவலர் சிங்களத்தில் வேகமாக ஏதோ சொன்னார். பெரியவர் குனிந்து, ஒரு விரலால் கிரேனின் கையை மெல்ல உயர்த்தினார். கொக்கி மேலே ஏறாமல் மட்டமாக உள்ளே வந்தது. இறக்கினார். மறுபடி உயர்த்தினார். நாலைந்து தடவை செய்திருப்பார்.

"உங்களுக்கு எத்தினை வயசு?" என்று நல்ல தமிழில் கேட்டார்.

"நாப்பத்தாறு, சேர்."

நேரம் எழுதிய பக்கத்தை மட்டும் கிழித்து மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். கொப்பியையும் கைப்பேசியையும் என்னிடம் நீட்டினார். "இனி இந்தப் பக்கம் வந்து எழுதக் கூடாது. விளங்கினதோ?"

"ஓம், சேர்."

சாமான்களைப் பைக்குள் அள்ளினேன். குட்டிக் கிரேனைத் தூக்கக் கை போனது. காவலர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் கையை இழுத்துக்கொண்டேன். குட்டிச் சாவியையும் அதன் பக்கத்தில் வைத்துவிட்டு வெளியே வந்தேன். எந்த ஆணியும் இறுக்கியிருக்கவில்லை, இரண்டு நாளில் சரிந்துவிடும் என்ற கவலைகூட வழியில்தான் வந்தது.

வீட்டில் கணவர் வாசலிலேயே நின்றார். முழுக்கதையும் கேட்டு முகம் வெளிறிப்போய், "உமக்கு விசரோ? துறைமுகத்தில போய் நேரம் எழுதுவினமோ ஆரும்?" என்று கத்தினார். பிறகு என் பக்கத்தில் உட்கார்ந்து, நான் கொப்பியிலிருந்த சிவப்புக் கோட்டைப் பார்த்து, மேசையில் நின்ற என் பெரிய கிரேனுக்குக் கயிறு கோக்கும்வரை நூல் நுனியைப் பிடித்துக்கொண்டிருந்தார். முடிந்ததும் ஒரு மருந்துப் பெட்டியைக் கொக்கியில் மாட்டினார். கைப்பிடியைச் சுற்றினேன். சோற்றுக்கோப்பைக்கும் தண்ணீர்ப் போத்தலுக்கும் மேலாக, அது ஒரே மட்டத்தில், சத்தமில்லாமல், மேசையின் மற்றக் கரைக்கு வந்து சேர்ந்தது. "இன்னொருக்கால் சுத்தும்" என்றார்.

சொன்ன சொல்லைக் காப்பாற்றி, அந்தப் பக்கம் கொப்பியோடு நான் பிறகு போகவேயில்லை. ஒரு மாதம் கழித்து பஸ் அந்தக் காவலறைக்கு எதிரே எதற்கோ நின்றது. வீதிப் பக்கத்துச் சின்ன யன்னல் திறந்திருந்தது. அவர் கதிரையில் இருந்தார். மேசையில் கிரேன், சரியாமல் நேராக நின்றது. பஸ் யன்னலில் என்னைக் கண்டுவிட்டார். எழும்பவில்லை, கையசைக்கவில்லை. கிரேனைக் காட்டி, பெருவிரலையும் சுட்டுவிரலையும் சேர்த்துக் காற்றில் ஒருமுறை திருகிக் காட்டினார். இறுக்கியாகிவிட்டது. கடைசியில்தான்.

பஸ் புறப்பட்டுவிட்டது. ஒருவரைப் பார்த்த உடனே இவர் இப்படித்தான் என்று மனதை இறுக்கிக்கொள்ளப் போகும் ஒவ்வொரு தடவையும், அந்த இரண்டு விரல்களும் என் கண்முன் வந்துவிடுகின்றன, நானும் கொஞ்சம் தளர்த்தி விட்டுவிடுகிறேன்.