கடைசி அத்தியாயத்தில் நின்றுவிட்ட அண்ணன்

“…பூட்டேல்லை மாஸ்டர், அந்தக் கதவு பூட்டவே இல்லை! கடைசி அத்தியாயத்தை வடிவா வாசிச்சனீங்களோ, இல்லாட்டி பஸ்ஸில நித்திரை தூங்கித் தூங்கிப் பக்கத்தைப் புரட்டினனீங்களோ?”

இப்படிச் சத்தம் போட்டவர் எங்கள் வாசகர் வட்டத்து அண்ணன் ஒருவர். இடம், திருகோணமலை உட்துறைமுக வீதியில் இருக்கும் என்னுடைய கடை. போன வருடம், ஒரு போயா, அதாவது பௌர்ணமி விடுமுறைப் பின்னேரம். ஒரு துப்பறியும் நாவலில் வரும் கதவைப் பற்றிய வாக்குவாதம்தான். வேறொரு நாளாக இருந்தால் எல்லோரும் சிரித்திருப்போம். அன்று அந்தச் சொற்கள் அவர் வாயிலிருந்து வந்ததும் எல்லோரும் அவருடைய மனைவியைத் திரும்பிப் பார்த்தோம். அவரோ பிளேன்டீக் கோப்பையைப் பிடித்தபடியே அசையாமல் நின்றுவிட்டார். ஏன் என்று சொல்ல நான் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

படகு இயந்திரங்களுக்கு உதிரிப்பாகம் விற்பது என் தொழில். யுத்தகால இடப்பெயர்வுகளில் என் பள்ளிக்கூடம் பாதியில் நின்றுபோனது. வாசிப்பு பிறகு நானாகத் தேடிக்கொண்டது. வாசித்தால் மட்டும் எனக்குப் போதாது, வாசித்ததைக் கதைக்க ஆள் வேண்டும். சாமான் வாங்க வந்தவர்களைப் பிடித்து வைத்துக் கதைத்துக் கதைத்தே ஒரு சின்ன வட்டம் சேர்ந்தது. போயா தினங்களில் கடைக் கதவைப் பாதிக்கு இறக்கிவிட்டு, இயந்திர எண்ணெய் மணத்துக்கும் கயிற்றுச் சுருள்களுக்கும் நடுவில் பிளாஸ்டிக் கதிரைகளைப் போட்டு உட்காருவோம். ஒரு மாதம் கவிதை என்றால் அடுத்த மாதம் சமையல் புத்தகம். அதற்கடுத்தது பயணக் கட்டுரையாக இருக்கும், சரித்திரமாக இருக்கும். இன்ன வகைதான் என்று ஒரு கட்டுப்பாடும் கிடையாது. கிடைக்கிற புத்தகம்தான் கணக்கு. பெரும்பாலும் ஒரு பிரதிதான் இருக்கும். அது கைமாறிக் கைமாறிப் போய், முக்கால்வாசிப் பேர் வாசித்ததும் கதைப்போம்.

நான் சொன்ன அண்ணன் துறைமுகத்தில் இழுவைப் படகில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். பெரிய உடம்பு, அதைவிடப் பெரிய குரல். கூட்டத்தின் உப்பும் புளியும் அவர்தான். முன்னேற்றப் புத்தகம் ஒன்றை எடுத்திருந்தோம். வெற்றி பெற விரும்புகிறவர் விடியப்புறம் நாலு மணிக்கு எழும்ப வேண்டும் என்று அதில் இருந்தது. “எங்கட சல்லிக் கடற்கரையில மீன்பிடிக்கிறவங்கள் எல்லாரும் ரெண்டு மணிக்கே எழும்பிறவங்கள். ஒருத்தனும் இன்னும் கோடீஸ்வரன் ஆகேல்லையே!” என்றார். சமையல் புத்தகத்தையும் விடவில்லை. “உப்பு தேவையான அளவு எண்டு போட்டிருக்கு. அந்த அளவு தெரியாமத்தானே நான் புத்தகத்தைத் தூக்கினனான்.” எங்கள் ஊருக்கு வந்துபோன ஒருவர் எழுதிய பயணக் கட்டுரையை வாசித்துவிட்டு, “கன்னியா வெந்நீர்க் கிணத்தில ஒரு வாளி அள்ளி ஊத்திப்போட்டு முழு ஊரையும் கண்டவர் போல எழுதியிருக்கிறார்” என்றார்.

அவருக்குச் சரியான எதிராளி கிண்ணியாவிலிருந்து வரும் கணித ஆசிரியர். நாங்கள் அவரை மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவோம். எந்தக் கதையிலும் பிழை கண்டுபிடிக்காவிட்டால் அவருக்குச் சோறு செமிக்காது. மாஸ்டர் பிழை பிடிப்பார், அண்ணன் புத்தகத்தின் பக்கம் நின்று வாதாடுவார். அன்புவழிபுரத்திலிருந்து வரும் ஒரு தங்கச்சி, ஆஸ்பத்திரியில் தாதி, இரண்டு பேருக்கும் நடுவில் நின்று தீர்ப்புச் சொல்லுவாள்.

அந்தத் துப்பறியும் நாவல் பழைய புத்தகக் கட்டு ஒன்றில் அகப்பட்டது. அட்டை கிழிந்து போயிருந்ததால் எழுதியவர் பெயரும் தெரியாது. மலைநாட்டில் ஒரு பங்களா, அறைக்குள் முதலாளி செத்துக் கிடக்கிறார், கதவு உள்ளே பூட்டியிருக்கிறது, வீட்டில் இருந்த எல்லோர்மீதும் சந்தேகம். இந்த மாதிரிக் கதைகளுக்கு மட்டும் எங்களுக்குள் ஒரு சட்டம் உண்டு. கடைசி ஆள் வாசித்து முடிக்கும்வரை ஒருவரும் அதைப் பற்றி வாய் திறக்கக் கூடாது. அந்த முறை கடைசி ஆள் அண்ணன்.

புத்தகம் அவரிடம் போய் முதல் போயா வந்தது. “கடைசி அத்தியாயம் கிடக்கு. சொல்லிப்போடாதீங்கோ” என்றார். வேறு ஒரு புத்தகத்தைப் பற்றிக் கதைத்தோம். அடுத்த போயாவிலும் அதே பதில்தான் வந்தது. மாஸ்டருக்குக் கோபம். “அண்ணன், அது என்ன ஒங்களுக்குக் கடைசி அத்தியாயமா, கடல் பாதையா? போய்ச் சேரவே மாட்டேங்கிறீங்களே?” என்று கேட்டார். வழக்கமாக ஒன்றுக்கு இரண்டாகத் திருப்பிக் கொடுக்கும் அண்ணன் அன்றைக்குச் சும்மா சிரித்துக்கொண்டு இருந்துவிட்டார்.

அதற்குப் பிறகு ஒருநாள் காலையில் அவருடைய மனைவி, நாங்கள் அக்கா என்று கூப்பிடுகிறவர், மீன் வாங்கின பையோடு கடைக்கு வந்தார். நான் கதிரையை இழுத்துப் போட்டேன். இருக்கவில்லை. நின்றபடியே கேட்டார்.

“தம்பி, அந்தப் புத்தகத்தில ஆர் கொலைகாரன்?”

எனக்குச் சிரிப்பு வந்தது. “அக்கா, நீங்கள் எப்ப இருந்து எங்கட வட்டத்தில?” என்றேன். அவர் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

அண்ணனுக்கு நெஞ்சுக் குழாயில் அடைப்பு. பைபாஸ் செய்யத்தான் வேண்டும், அதிகம் தாமதிக்க வேண்டாம் என்று கண்டியில் டொக்டர் சொல்லிவிட்டார். அண்ணன் சம்மதம் சொன்னால் நாள் குறிப்பார்கள். அவரோ, கையில் ஒரு புத்தகம் இருக்கிறது, அதை முடித்துவிட்டு வருகிறேன் என்று வீட்டில் சொல்லியிருக்கிறார். அக்காவும் சரி, ஒரு புத்தகம்தானே என்று விட்டுவிட்டார்.

“ரெண்டு மாதம் ஆகப் போகுது தம்பி. பின்னேரத்தில அந்தப் புத்தகத்தை மடியில வைச்சுக்கொண்டு கடலைப் பாத்துக்கொண்டு இருக்கிறார். கிணத்தடிக்குப் போய் வாறதுக்கே இளைக்குது. கேட்டால், இன்னும் முடியேல்லையாம். நீங்கள் எல்லாருமாச் சேர்ந்து அந்தக் கதையைச் சொல்லிப்போடுங்கோ. பிறகு அவருக்குச் சாட்டுச் சொல்ல ஒண்டும் இருக்காதெல்லோ?”

நான் தாதித் தங்கச்சிக்குத் தொலைபேசி எடுத்தேன். அவள் ஒரு சுற்று வளைப்பும் இல்லாமல், “அண்ணை, உங்கட கடைப்படி ஏறேக்க அவர் நிண்டு நிண்டு ஏறினதைக் கண்டனீங்களோ? சட்டமும் மண்ணாங்கட்டியும். சொல்லுவம்” என்றாள். மாஸ்டரும் ஒத்துக்கொண்டார். அடுத்த போயாவில் அண்ணனை முன்னால் இருத்தி வைத்துக்கொண்டு முடிவைப் போட்டு உடைப்பது என்று தீர்மானித்தோம்.

அன்று அக்காவும் கூட வந்தார். என் மனைவி கொடுத்தனுப்பிய பிளேன்டீயைக் கோப்பைகளில் ஊற்றிக்கொண்டிருந்தார். அண்ணன் வழக்கமான கதிரையில் உட்கார்ந்ததும் நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, “இண்டைக்குத் துப்பறியும் நாவல்” என்றேன்.

“நான் இன்னும் முடிக்கேல்லை!”

“அப்ப காதைப் பொத்திக்கொள்ளுங்கோ அண்ணன்” என்றாள் தங்கச்சி.

மனிதர் உண்மையாகவே இரண்டு காதுக்குள்ளும் விரலை விட்டுக் கண்ணையும் இறுக்கி மூடிக்கொண்டார். எங்கள் திட்டத்தில் இது இல்லை. நான் குரலை உயர்த்தி, “கொலை செய்தது சமையல்காரன்!” என்று கிட்டத்தட்டக் கத்தினேன். வீதியில் போன ஒருவர் குனிந்து உள்ளே எட்டிப் பார்த்தார். அண்ணன் அசையவில்லை. அக்கா என்னைப் பார்த்தார். நான் மாஸ்டரைப் பார்த்தேன்.

மாஸ்டருக்கு அந்த நேரத்தில் திட்டமும் நினைவில்லை, நாங்களும் நினைவில்லை. இத்தனை நாளும் அடக்கி வைத்திருந்த குற்றப்பத்திரிகையை விரித்துவிட்டார். “சமையல்காரன் எண்டா, அவன் அந்த அறையை விட்டு எப்பிடி வெளியே வந்தான்? கதவு உள்ளால பூட்டி. எல்லாருமாச் சேர்ந்து உடைச்சுத்தானே உள்ளே போறாங்க? எழுதினவருக்கு விடை தெரியாம எங்கட கண்ணில மண்ணைத் தூவிட்டாரு. வாசிக்கிறவன் எல்லாம் மடையனா? இது கதையே இல்ல, வெறும் ஏமாத்து!”

ஏமாற்று என்று அவர் சொன்னதும் அண்ணனின் கண் திறந்தது. ஒரு காதிலிருந்து விரல் மெல்ல இறங்கியது. பிறகு மற்றதும் இறங்கியது. அப்போதுதான் அவர் கதிரையை விட்டு எழும்பி, நான் தொடக்கத்தில் எழுதியதைச் சொன்னார்: அந்தக் கதவு பூட்டவே இல்லை என்று. அதோடு விடவும் இல்லை.

“மலைநாட்டு மழையில மரம் ஊதிக் கதவு இறுகிக் கிடந்தது. அவ்வளவுதான்! பூட்டிக் கிடக்கு எண்டு முதல் முதல் கத்தினது ஆர்? சமையல்காரன்! அவன் சொன்னதை நம்பித்தானே எல்லாரும் கதவை உடைச்சவங்கள்? கடைசிக்கு முதல் பக்கத்தில தேங்காய் உடைச்ச மாதிரி எழுதி வைச்சிருக்கிறான் மனுசன், நீங்கள் அவனைப் போய் ஏமாத்துக்காரன் எண்டுறீங்கள்!”

சொல்லி முடித்த பிறகுதான் தான் என்ன சொன்னேன் என்பது அவருக்கு உறைத்தது. கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் சட்டைப் பொத்தானைத் தடவிக்கொண்டு நின்றார்.

“அப்ப நீங்கள் முடிச்சிட்டீங்களோ?” அக்காவின் குரல் மிகவும் சின்னதாக வந்தது.

“ஓம். முதல் கிழமையே முடிச்சிட்டன். பிறகு இன்னொருக்காலும் வாசிச்சனான்.”

“கொலைகாரனைப் பிடிக்க வந்தம், கள்ளனைப் பிடிச்சிட்டம்” என்று மாஸ்டர் முணுமுணுத்தார். ஒருவருக்கும் சிரிக்கத் தைரியம் வரவில்லை. அண்ணன் மட்டும் கொஞ்சம் சிரித்தார். பிறகு கதிரையில் பொத்தென்று இருந்தார்.

“எனக்குப் பயமாக் கிடக்கு. கடலுக்கு நான் ஒருநாளும் பயந்ததில்லை. கொந்தளிக்கேக்கையும் போயிருக்கிறன். ஆனா அங்க நான் முழிச்சுக்கொண்டெல்லோ நிக்கிறன்? என்ர கையில சுக்கான் இருக்கும். இது, என்னை நித்திரையாக்கிப்போட்டு ஆரோ நெஞ்சைத் திறக்கிறது. எழும்புவனோ எண்டு ஆருக்குத் தெரியும்?”

அவர் இப்படிக் கதைத்து நாங்கள் கேட்டதில்லை. அக்காவும் கேட்டதில்லையாம், பிறகு சொன்னார். இரண்டு மாதம் தன்னை ஏமாற்றினாரே என்று அக்கா சண்டைக்குப் போவார் என்று நினைத்தேன். அவர் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு வந்து அண்ணனுடைய தோளில் ஓங்கி ஒரு அடி போட்டார். பிறகு அந்தக் கையை எடுக்காமல் அங்கேயே வைத்துக்கொண்டார்.

தங்கச்சி தன் கதிரையை அண்ணன் பக்கம் நகர்த்தினாள். ஆறுதல் வார்த்தை ஒன்றும் சொல்லவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போனால் முதல் என்ன செய்வார்கள், அடுத்தது என்ன என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். அவர் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

“எழும்பேக்க முதல்ல என்ன தெரியும் பிள்ளை?”

“தண்ணி விடாய் தெரியும் அண்ணன். சரியான விடாய். உடனே தரமாட்டினம். நீங்கள் எல்லாரையும் பேசுவீங்கள். உங்களைப் பாக்கவே எனக்குத் தெரியுது.”

“ஓம், பேசுவன்தான்” என்றார் அவர். முகம் கொஞ்சம் தெளிந்திருந்தது.

மிச்சத்தையும் சொல்லிவிடுகிறேன். அவர் கண்டிக்குப் போனார். தங்கச்சி சொன்னபடியே கண் விழித்துத் தண்ணீர் கேட்டு எல்லோரையும் பேசினார். இப்போது என் கடைப்படியை ஒரே மூச்சில் ஏறி வருகிறார். நெஞ்சில் இருக்கும் தழும்பை, கேட்காதவர்களுக்கும் சட்டையைத் திறந்து காட்டுகிறார்.

மாஸ்டர் வேண்டுமென்றுதான் அப்படித் தூண்டினாரா என்று பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். இல்லை. அவர் அந்தக் கதவை உண்மையாகவே பிழை என்று நம்பியிருந்தார். கடைசி அத்தியாயத்தைப் பஸ்ஸில் தூங்கித் தூங்கி வாசித்ததும் உண்மைதானாம். டொக்டரிடமும் பெற்ற பிள்ளைகளிடமும் மறைத்த பயத்தை அண்ணன் இன்னும் எத்தனை மாதம் மறைத்திருப்பாரோ, எனக்குத் தெரியாது. தனக்குப் பிடித்த ஒரு கதையை இன்னொருவர் அநியாயமாகக் குறை சொன்னபோது, அவரால் அதை ஒரு நிமிடம்கூடப் பொறுக்க முடியவில்லை. புத்தகத்தைப் பற்றிக் கதைத்து என்ன கிடைக்கப் போகிறது என்று என்னைக் கேட்பவர்களிடம் நான் வாதாடுவதில்லை. அன்று பின்னேரம் அண்ணன் அடுத்ததாகச் செய்ததை மட்டும் சொல்லுவேன்.

அவர் மனைவியின் பக்கம் திரும்பி, “நாளைக்குக் கண்டிக்குப் போன் எடும். வாறன் எண்டு சொல்லும்” என்றார். சொல்லிவிட்டு, தன் கதிரையைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போய் மாஸ்டருக்கு நேரெதிரே, முழங்கால் முட்டுகிற தூரத்தில் போட்டு உட்கார்ந்தார். “சரி மாஸ்டர், கதவு முடிஞ்சுது. இப்ப சன்னலுக்கு வாங்கோ” என்று தொடங்கி, இரண்டு மாதமாக ஒருவரிடமும் சொல்ல ஏலாமல் வைத்திருந்த அந்த நாவலை, முதல் அத்தியாயத்திலிருந்து, துறைமுகத்தில் விளக்குகள் எரியத் தொடங்கும்வரை, எங்களை ஒருவரையும் எழும்ப விடாமல் கதைத்துத் தீர்த்தார்.